வரிசையில் ஓர் இடம்

நோயுற்ற ஒருவரின் கையிலிருந்து அன்பின் பெயரால் முதலில் வாங்கி வைக்கப்படுவது அவர் செய்துவந்த வேலை. "நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், பேசாமல் படுத்திரு" என்று வீட்டார் சொல்வதில் அக்கறை இருக்கிறது. நோயின் தொடக்க நாட்களில் அது சரியான சொல்லும்கூட. ஆனால் ஓய்வு தேவைப்பட்ட காலம் முடிந்த பின்னும் அந்த வேலை பலருக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. வேலை போகும்போது, அதைச் செய்கையில் பக்கத்தில் அமர்ந்திருந்த மனிதர்களும் போய்விடுகிறார்கள். சம்பளம் நின்றதை எல்லோரும் கணக்கிடுகிறோம். துணை நின்றதை எவரும் கணக்கிடுவதில்லை.

இம்மடலை எழுதும் நாங்கள் நோயாளிகளோடும் அவர்களுடன் தங்கியிருப்போரோடும் நாள்தோறும் பழகுகிறவர்கள். நீண்டநாள் நோயில் இருப்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்வோரும் கூடியமர்ந்து கைவேலை செய்வதற்கு வீட்டிலும், தெருவிலும், மருத்துவமனை வளாகத்திலும் இடம் வேண்டும் என்பது எங்கள் கருத்து. அது பொழுதுபோக்கு அன்று. நோய் குலைத்த வாழ்வை மீண்டும் ஒழுங்கு செய்துகொள்வதன் ஒரு பகுதி.

நம் ஊர் அறிந்த வரிசை

போடிநாயக்கனூரில் இருப்போருக்குக் கூடியமர்ந்து வேலை செய்வதைப் பற்றி எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியும் முன்னரே தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் ஏறுகின்றன. மலையில் பறித்து உலர்த்தப்பட்ட ஏலக்காய் மூட்டைகளாகக் கீழே இறங்குகிறது. கிட்டங்கிகளில் பெண்கள் வரிசையாக அமர்ந்து அதை ஆய்கிறார்கள். காம்பு நீக்குவதும், வெடித்த காயையும் நிறம் மங்கிய காயையும் பொறுக்கி எடுப்பதும், சல்லடையில் பருமன் பிரிப்பதும் அவர்கள் வேலை. 8 மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, அதற்குச் சிறியதற்கு வேறு விலை என்று சந்தை தீர்மானிப்பதற்கு முன்னால், அந்தக் காய் இவர்கள் விரல்களைக் கடந்து வருகிறது.

அந்த வரிசையை அழகுபடுத்திச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. தரையில் நெடுநேரம் அமர்வதால் வரும் இடுப்புவலியும், தூசியால் வரும் இருமலும், கூலி போதாமையும் அதில் உண்டு. ஆயினும் கண் காயின்மேல் இருக்க, வாய் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கும். மகளின் கல்யாணம், தவணைக் கடன், இரவில் தூக்கம் வராமை என்று எல்லாம் அங்கே பேசப்படும். "உன் கை ஏன் நடுங்குது?" என்று ஒருவரிடம் முதன்முதலாகக் கேட்பவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை; முறத்துக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் அக்காவாகவும் இருக்கலாம்.

கோயில் வாசலில் பூத்தொடுப்பவர்களிடமும், மாலையில் திண்ணையில் ஒயர் கூடை பின்னுகிறவர்களிடமும், ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறிக்கு நூல் சுற்றும் குடும்பங்களிடமும் இதே துணையைக் காணலாம். நோய் ஒருவரை இந்த வரிசைகளிலிருந்து எழுப்பிவிடுகிறது. திரும்பி வந்து அமர எவரும் அழைப்பதில்லை. "பாவம், முடியாதவள்" என்ற இரக்கமே அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவே சுவராகிவிடுகிறது.

நகரங்களில் தேடிச் சேர்ந்தவர்கள்

நமக்குத் தொழிலோடு சேர்ந்து கிடைத்த இந்த வரிசையைப் பெருநகரங்களில் மக்கள் தேடி உருவாக்கிக்கொள்கிறார்கள். சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்' என்னும் பெண்கள் குழு, வளைந்த முனையுள்ள ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் குரோஷா வேலைக்காகக் கூடியது. 2016-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் இக்குழு 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள பின்னல் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை நிகழ்த்தியது. ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர் நிலத்தை மூடும் அளவு அது. பல ஊர்களில் இருந்த உறுப்பினர்கள் தனித்தனியே பின்னிய துண்டுகள் ஒன்றாகச் சேர்ந்தே அது உருவாயிற்று. சாதனையைவிட இந்தச் செய்முறையே நம் கவனத்துக்கு உரியது. ஒருவர் முடித்தது கையகலத் துண்டாக இருந்தாலும் முழுமையில் அதற்கு ஓர் இடம் இருந்தது. எழுந்து நடக்க முடியாதவரும் ஒரு துண்டு பின்னலாம் அல்லவா?

இது நமக்குப் பழக்கமில்லாத வழக்கம் என்று எவரும் தயங்க வேண்டாம். நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பள்ளியோடு சேர்ந்து லேஸ் பின்னல் வேரூன்றி இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. அங்கிருந்த மால்ட் தம்பதியரின் மகளும் ராபர்ட் கால்டுவெல்லின் துணைவியாருமான எலைசா, பின்னர் இடையன்குடியில் அதைப் பெண்களுக்குக் கற்பித்தார். ஊசியும் நூலும் தென்தமிழ்நாட்டுப் பெண்களின் கைகளுக்கு அந்நியமல்ல.

நோயாளி ஒருவரே தொடங்கிய முயற்சி ஒன்றும் இங்கே சொல்லத்தக்கது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பார்பரா டெமரஸ்ட் என்பவருக்குப் புற்றுநோயால் மார்பகம் அகற்றப்பட்டது. உடைக்குள் வைத்துக்கொள்ள விற்கப்படும் செயற்கை மார்பகங்கள் கனமானவை, விலையும் மிகுதி. மென்மையான நூலில் பின்னிய இலேசான மாற்று ஒன்று அவருக்கு ஆறுதலாக அமைந்தது. அதையே மற்றவர்களுக்கும் பின்னிக் கொடுக்க 2011-இல் அவர் தொடங்கியது 'நிட்டட் நாக்கர்ஸ்' என்ற இயக்கமாக வளர்ந்தது. இதே பணியை நம் நாட்டில் மும்பையின் சாயிஷா இந்தியா பவுண்டேஷன் செய்துவருகிறது. தன்னார்வலர்கள் பின்னித் தருகிறார்கள். தேவைப்படும் பெண்கள் விலையின்றிப் பெறுகிறார்கள். எப்போதும் பெறுகிறவராகவே இருக்க நேர்வது நோயாளிக்கு மனச்சுமை. தாமும் ஒன்றைச் செய்து பிறருக்குக் கொடுக்க முடியும் என்பது அச்சுமையைச் சற்றே இறக்கி வைக்கும்.

மருத்துவம் கைவேலையை அறியும்

கைவேலைக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. முதல் உலகப்போரில் காயமுற்ற படைவீரர்களுக்குக் கூடை முடைதலும் நெசவும் மரவேலையும் கற்பிக்கப்பட்டன. அக்காலத்தில், 1917-இல், அமெரிக்காவில் செயல்முறை மருத்துவத்துக்கென ஒரு சங்கம் தோன்றியது. உடலும் மனமும் தளர்ந்தவர்களை அன்றாடச் செயல்களின் வழியே மீட்டெடுக்கும் துறை அது. இந்தியாவில் அதற்கான முதல் பயிற்சிப் பள்ளியைக் கமலா நிம்ப்கர் 1950-இல் மும்பையில் தொடங்கினார்.

நமக்கு இன்னும் அருகில் இருப்பது வேலூர்க் கதை. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தும் அவர்களுக்கு ஊரில் வேலை கிடைக்கவில்லை. ஆகவே 1950-களின் தொடக்கத்தில் வளாகத்துக்குள்ளேயே புதுவாழ்வு மையம் ஒன்று எழுந்தது. நோயாளிகள் அங்கே கூடி வாழ்ந்து மரவேலை பயின்றார்கள். அறுவை சிகிச்சை கையைத் திருத்தியது. மனிதர்களோடு அமர்ந்து செய்த வேலையே அந்தக் கைக்கு ஒரு பயனைத் தந்தது.

அந்த மருத்துவரின் பணி இன்னோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்வு போன விரல் தன் காயத்தை அறியாததாலேயே சிதைகிறது. எனவே வலி தெரியாத கைக்கு வேலை கொடுப்பவர், அந்தக் கையை நாள்தோறும் உற்றுப் பார்க்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். நீரிழிவால் மரத்துப்போன விரல்களுக்கும், சில புற்றுநோய் மருந்துகளால் உணர்வு குன்றிய விரல்களுக்கும் இந்தப் பாடம் இன்றும் பொருந்தும்.

பின்னலைப் பற்றித் தனியாகவும் ஆய்வு உண்டு. பின்னல் செய்யும் 3,545 பேரிடம் பல நாடுகளில் நடத்தப்பட்ட கருத்தாய்வு ஒன்று 2013-இல் பிரிட்டனின் செயல்முறை மருத்துவ இதழில் வெளிவந்தது. அடிக்கடி பின்னுகிறவர்கள் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் உணர்வதாகக் கூறினர். குழுவாகப் பின்னியவர்கள் பிறரோடு தொடர்பு மேம்பட்டதாகவும் கூறினர். இது அவர்கள் தம்மைப் பற்றித் தாமே சொன்னது. பின்னல் நோயைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றாகாது. மருந்தை நிறுத்திவிட்டு ஊசியை எடுங்கள் என்று எவரேனும் சொன்னால் அதை நம்பக் கூடாது.

எழக்கூடிய மறுப்புகள்

"கூலிக்குக் காய் பொறுக்கிக் களைத்த பெண்ணிடம், நோயுற்ற பின்னும் கைவேலை செய் என்பது கொடுமையல்லவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவேதான் கூலிவேலையும் இதுவும் கலக்கக் கூடாது என்கிறோம். இங்கே எடை பார்க்கக் கூடாது, எண்ணிக்கை கேட்கக் கூடாது, "இன்றைக்கு எவ்வளவு முடித்தாய்?" என்ற கேள்வியே எழக் கூடாது. பாதியில் வைத்துவிட்டு எழுந்து செல்ல முடிந்தால்தான் அது நோயாளிக்குரிய வேலை. அவர் செய்ததை விற்று எவரேனும் பணம் பெற்றால் அந்தப் பணம் அவருக்கே உரியது. வருமானம் தேவைப்படுகிறவருக்கு மகளிர் சுயஉதவிக் குழு போன்ற வழிகளைத் தனியே காட்டுவோம். சிகிச்சை என்ற பெயரில் எவருடைய உழைப்பையும் விலையின்றி வாங்கக் கூடாது.

"இதெல்லாம் பெண்கள் சமாசாரம்" என்பது இரண்டாவது மறுப்பு. கூடை முடைந்த போர்வீரர்களும், வேலூரில் மரம் இழைத்தவர்களும் ஆண்களே. நம் ஊரில் கயிறு திரிக்கவும், கட்டில் பின்னவும், மூங்கில் கூடை முடையவும் தெரிந்த ஆண்கள் எத்தனையோ பேர். பக்கவாதத்துக்குப் பின் வேலைக்குப் போக முடியாமல் நாளெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பனாருக்கு, மனைவிக்கும் மகளுக்கும் கிடைக்கும் சிறு கூட்டம்கூடக் கிடைப்பதில்லை. எங்கள் எண்ணத்தில் இதன் தேவை அவருக்கே மிகுதி.

"ஓய்வு வேண்டாமா?" என்பது மூன்றாவது. வேண்டும். காய்ச்சல், மூச்சுத்திணறல், புதிய காயம், கடும் களைப்பு ஆகியவை உள்ள நாட்களில் ஓய்வே கடமை. எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை. அந்தக் கேள்வியைக் கேட்க மறந்து, ஓய்வை முடிவில்லாததாக ஆக்கிவிடக் கூடாது என்பதே எங்கள் வேண்டுகோள்.

எவருக்கு எது பொருந்தும்

பக்கவாதத்திலிருந்து மீள்கிறவர்களுக்குச் சிறு பொருட்களை விரலால் எடுத்துப் பிரித்து வைப்பது பயிற்சியாக அமையும். ஏலக்காய், கொண்டைக்கடலை, பொத்தான் என எதுவும் ஆகும். விழுங்குவதில் இடர் உள்ளவர்கள் வாயில் போட்டுக்கொள்ளாதபடி ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவர்கள் அந்தப் பக்கத்துக் கையில் ஊசிக்குத்தும் வெட்டும் படாமல் காத்துக்கொள்ள வேண்டும். தொற்றும் வீக்கமும் அதனால் வரக்கூடும். கூரிய தையல் ஊசியைவிட மழுங்கிய முனையுள்ள குரோஷா ஊசி அவர்களுக்கு நல்லது. கை கனத்தாலோ வீங்கினாலோ உடனே நிறுத்திவிட்டுச் செவிலியரிடம் காட்டுங்கள்.

புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள், வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பூத்தொடுப்பதையும் மண்வேலையையும் தவிர்த்துத் தூய பருத்தி நூலை எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் பிசிறு பறக்கும் கம்பளியைவிடப் பருத்தியே மேல். தூசியெழும் காய் ஆய்தல் வேண்டாம். காசநோய்க்கு மருந்து உண்பவர்கள், தொற்றும் நிலை நீங்கியதாக மருத்துவர் சொன்ன பிறகு கூட்டத்தில் அமரலாம்.

நீரிழிவால் விரல் மரத்தவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் ஒயர் இழுக்கும்போது விரல் அறுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் இரு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது வழக்கமாகட்டும்.

சிறுநீரகச் சுத்திகரிப்பு செய்துகொள்கிறவர்களுக்கு இயந்திரத்தோடு இணைந்திருக்கும் கை அசையக் கூடாது. அந்த 4 மணி நேரத்தில் அவர்களால் பின்ன இயலாது. அவர்களுக்குரிய நாள் வீட்டில் இருக்கும் மறுநாள்.

வெளியே காத்திருப்போர்

அந்த 4 மணி நேரமும் கதவுக்கு வெளியே அமர்ந்திருக்கும் மனைவி, மகன், மருமகள் ஆகியோரையும் நாங்கள் மறக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அதே பெஞ்சில், அதே முகங்களோடு அமர்கிறார்கள். மாதங்கள் கடந்தும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமல் போவதுண்டு. ஒவ்வொருவரும் தம் கைப்பேசிக்குள் ஒடுங்கிவிடுகிறார்கள். மலையிலிருந்து முதல் வண்டி பிடித்து இறங்கி வந்தவருக்கும், க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் மதுரைக்கும் மாறி மாறி அலைந்தவருக்கும் சொல்ல எவ்வளவோ இருக்கும். "உங்கள் துயரத்தைச் சொல்லுங்கள்" என்று எதிரில் அமர்ந்து கேட்டால் வார்த்தை வராது. இரண்டு பேர் ஒரே கூடையின் இரு பக்கங்களைப் பின்னும்போது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. நோயைப் பற்றியோ, பணமுடையைப் பற்றியோ, பயத்தைப் பற்றியோ அப்போது தானாகவே பேச்சு வரும். எந்த அரசுத் திட்டத்தில் எந்தச் செலவு அடங்கும், எந்த உணவில் உப்பைக் குறைப்பது எப்படி என்று ஒருவர் அனுபவம் மற்றவருக்குச் சென்று சேரும். அப்படிக் கேட்டதை மருத்துவரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்வது மட்டும் அவசியம்.

நாம் செய்யக்கூடியவை

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மருத்துவமனைகள் நோயாளிக் கூடங்களுக்கு வெளியே, காற்றும் வெளிச்சமும் உள்ள ஓரிடத்தில் சில நாற்காலிகளையும் நூலும் ஒயரும் உள்ள ஒரு பெட்டியையும் வைக்கலாம். சாய்மானமுள்ள நாற்காலி வேண்டும். எல்லோராலும் தரையில் அமர முடியாது. தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் கை கழுவ வேண்டும். கத்தரிக்கோலையும் ஊசிகளையும் எண்ணி வைக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் போதும். விழாவும் போட்டியும் பரிசும் வேண்டாம். முதற்பரிசு என்று ஒன்று வந்தால் கை நடுங்குகிறவர் மறுவாரம் வரமாட்டார்.

வீட்டாரிடம் நாங்கள் கேட்பது இன்னும் எளியது. நோயுற்றவரால் வரிசைக்குப் போக முடியவில்லையென்றால் வரிசை அவரிடம் வரட்டும். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் அமர்ந்து கீரை ஆயுங்கள், பூத்தொடுங்கள். அவர் கையிலும் ஒரு பிடி கொடுங்கள். அவர் தொடுத்த கண்ணி தளர்ந்திருந்தால் அவர் பார்க்க அதைப் பிரித்துக் கட்டாதீர்கள். உடன் வேலை செய்தவர்கள் ஒரு மாலைப் பொழுதில் வந்தால் "அவளுக்கு முடியலை" என்று வாசலிலேயே அனுப்பிவிடாமல், அவரிடமே கேளுங்கள்.

நோயாளிகளிடமும் ஒரு சொல். முன்பு ஒரு மணி நேரத்தில் செய்ததை இப்போது ஒரு வாரத்தில்தான் செய்ய முடிகிறதென்றால் அதில் வெட்கப்பட ஏதுமில்லை. களைப்பு வரும் முன்பே நிறுத்துங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மாத்திரைகளைப் பற்றிக் கேட்பதோடு, "என் கையால் இப்போது என்ன செய்யலாம்?" என்றும் கேளுங்கள். அதற்கு விடை பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.